அலாரத்தில் மாட்டிய கவர்

ஆரம்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் ஜெரால்டுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் உன் தங்கை மோனிகாவும் உடம்புக்குச் சுகம், மனசை மட்டும் கேட்காதே. உனக்காகவும் உன் ரூமில் இருக்கும் தேசப்பன் கை ஆறவும் தினமும் ஜெபம் செய்கிறோம். போனில் பேசினால் நீ அழுகிறாய், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள், சொல்ல வந்ததைச் சொல்லவே முடிவதில்லை. அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் ராபின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. மோனிகாவுக்கு இன்னும் வேலை பெர்மனென்ட் ஆகவில்லை, ரயிலில் நின்றுகொண்டேதான் கும்மிடிப்பூண்டி போய் வருகிறாள். அம்மா மீன் வாங்குவதையே விட்டுவிட்டாள். நீ எண்ணெயைக் காயவைத்துவிட்டு, வெளியே வந்து போனில் அவளிடம் வறுவலுக்கு மசாலா அளவு கேட்டுக்கொண்டிருந்தபோதுதானே தீப்பிடித்தது, எல்லாம் தன்னால்தான் என்று புலம்புகிறாள். அவளுக்குப் பாதிதான் தெரியும்.

தாளிக்கும்போதெல்லாம் புகை அலாரம் கத்துகிறது, பக்கத்து ரூம்காரன் சண்டைக்கு வருகிறான், பேஜாராக இருக்கிறது என்று நீ சொன்னபோது, ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டி ரப்பர் பேண்டு போடுடா என்று சொன்னது நான். இரும்பு உருக்கும் ஃபர்னஸில் எங்கள் ஷிப்டில் அப்படித்தான். அலாரம் அடித்தால் வேலை நிற்கும், நின்றால் சூப்பர்வைசர் கத்துவார், அதனால் அதற்குள் துணியைத் திணித்துவிட்டுத்தான் வேலையையே தொடங்குவோம். இருபத்திரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை, அந்தத் திமிரில் சொன்னேன். புத்தி கெட்ட அப்பன் பேச்சைக் கேட்டு நீயும் மாட்டினாய். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் அசந்து தூங்கிய தேசப்பனை எழுப்ப அந்த அலாரம் அடிக்கவில்லை. புகையில் மூச்சு முட்டி எழுந்தவன், எரிகிற சட்டியை வெளியே கொண்டுபோகத் தூக்கி, இரண்டு கையிலும் எண்ணெயைக் கொட்டிக்கொண்டான். வெல்டிங் செய்கிற கை. நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கவர் மாட்டியது யார் என்று கம்பெனியில் கேட்டதற்கு நீ தெரியாது என்று சொல்லிவிட்டாய், உண்மை தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று என்னிடம் சொன்னாயே, அன்றைக்கு உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் மனசு கேட்கவில்லை. வியாழக்கிழமை பஸ் மாறி மாறிப் பள்ளிப்பட்டுக்குப் போனேன், தேசப்பன் அம்மா ஜானகியம்மாளிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று. கழனியிலிருந்து சேற்றுக் காலோடு வந்தார். நான் வாய் திறக்கும் முன்பே என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னாண்ணா பண்றது, எம்புள்ளயே நான்தான் கவர் மாட்டினேன்னு சொல்லிட்டானாம், கையெழுத்து போட முடியாம கட்டு போட்டுக்கினு கீறான், வாயால சொல்லச் சொல்லி எய்திக்கினாங்களாம், அவன் தப்புன்றதால வைத்தியத்துக்குக்கூட குடுக்கமாட்டாங்களாம், உங்க புள்ளைக்காவது ஒண்ணும் ஆவலியே, அது போதும் என்று அழுதார்.

கை போன தன்னை எப்படியும் அனுப்பத்தான் போகிறார்கள், நீயாவது இருக்கட்டும் என்று தேசப்பன் நினைத்திருப்பான். எனக்கு அங்கேயே உயிர் போய்விட்டது. சொன்னேன் ஜெரால்ட், மாட்டச் சொன்னது நான், மாட்டியது என் பிள்ளை என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா பிடித்திருந்த கையை விட்டுவிட்டார். நானாகவே எழுந்து வந்தேன்.

இதைப் படித்த அன்றே ஆபீஸுக்குப் போய்ச் சொல்லிவிடு. அப்பா சொல்லித்தான் செய்தேன் என்றும் சொல், பொய் இல்லையே. அனுப்பினால் வா, இங்கே கான்ட்ராக்ட் வேலையாவது கிடைக்கும். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

கர்த்தர் உன்னைக் கைவிடமாட்டார், அதற்கான தைரியத்தையும் அவரே தருவார். ஒன்று மட்டும் மறக்காதே. கை ஆறும்வரை தேசப்பனுக்கு நீதான் சோறு ஊட்ட வேண்டும், முதலில் போய்ச் சொல்லிவிட்டு வந்து ஊட்டு. சொல்லாமல் ஊட்டினால் அந்தப் பிள்ளை முகத்தை நீ எப்படிப் பார்ப்பாய்.

இப்படிக்கு,
உன் அப்பா
சின்னராசு