யார் வீட்டு நெய் பிஸ்கட்?

சோப்புப் போட்டுக் கழுவியும் விரலிடுக்கில் நெய் வாசம் போகவில்லை. உன் சமையலறையில் இந்த வாசம் எழுந்தால் தீபாவளி நெருங்கிவிட்டது என்று பொருள். இன்று அது என் கையிலிருந்து வருகிறது. இது உன் வாசமா, என் வாசமா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டிய ஆள் நீ. நீயோ போய்விட்டாய்.

போன வாரம் உன் மகள் சுங்கை பெசாரிலிருந்து வந்திருந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக ஒழுங்காக வைத்தாள். அந்தப் பழக்கம் நான் திட்டித் திட்டி வந்தது. உட்காராமலே பேசினாள்.

"ஆண்ட்டி, இந்த வருஷம் எங்களுக்குத் தீபாவளி இல்லலா. வீட்டுல பலகாரம் எதுவும் சுடக் கூடாதுன்னு பெரியப்பா சொல்லிட்டாரு. வெளியேர்ந்து யாராவது கொண்டாந்தா வாங்கிக்கலாமாம்."

"அதுதானே முறை."

"பிள்ளைங்கதான் கேக்குதுங்க, ஆண்ட்டி பிஸ்கட் மட்டும் கிடைக்குமான்னு."

"அது என்ன ஆண்ட்டி பிஸ்கட்?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "உங்க நெய் பிஸ்கட்தான் ஆண்ட்டி. நீங்கதானே அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்தீங்க? அம்மா எப்பவும் அப்படித்தான் சொல்வாங்க."

என் வீட்டில் அதற்குப் பெயர் 'டிரசர் வீட்டு பிஸ்கட்'. உன் கணவர் ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரசராக இருந்த காலத்தில் என் பிள்ளைகள் வைத்த பெயர். தலை நரைத்த பிறகும் அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். உன்னிடமிருந்து நான் கற்றுக்கொண்ட பலகாரம் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். பெருமை பேசுவதில் நான் குறை வைப்பவள் அல்ல என்பது உனக்குத் தெரியும். என்னுடையதாக இருந்திருந்தால் விட்டுக் கொடுத்திருப்பேனா?

அவள் போன பிறகுதான் சிக்கல் புரிந்தது. துக்க வீட்டில் அவர்களுடைய பலகாரம் கூடாது, பிறர் வீட்டுப் பலகாரம் ஆகும். இது என்னுடையது என்றால் நான் தாராளமாகக் கொண்டுபோகலாம். உன்னுடையது என்றால்? உன் வீட்டுப் பலகாரத்தையே என் அடுப்பில் சுட்டு உன் வீட்டுக்குள் அனுப்புகிறேன். அது முறையை ஏமாற்றுவது ஆகாதா? மகனிடம் கேட்டேன். "மாவு, நெய், சீனி. இதுல என்னம்மா வழக்கு?" என்றான். அவனுக்கு எல்லாமே எளிது.

உனக்கு அந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? என் வீட்டுக்காரர் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி; எங்கள் கிராணி வீட்டுக்கும் உங்கள் டிரசர் வீட்டுக்கும் நடுவில் ஒரே வேலிதான். கான்வென்டில் சிஸ்டர் கற்றுக்கொடுத்த வெண்ணெய் பிஸ்கட்டைச் செய்து காட்டுகிறேன் என்று உன் சமையலறைக்கு வந்தேன். ஓவன் ஏது? சட்டிக்குக் கீழே கரி, மூடிமேல் தணல். நான் ஒவ்வொன்றையும் ஒரே அளவாக உருட்டி, ஒரே இடைவெளியில் வைத்துக்கொண்டிருந்தேன். நீ இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஏய் கான்வென்டு, பள்ளிக்கூடத்துல அசெம்பிளிக்கு நிக்க வைக்கிற மாதிரி நிக்க வைக்கிறியே! பிஸ்கட்டு வந்தே மாதரம்னு பாடப் போகுதா?"

தோட்டக் கடையில் வெண்ணெய் இல்லை என்பதும் நினைவிருக்கிறது. "நெய்யை ஊத்து" என்று ஒரு குரல் சொன்னது. அந்தக் குரல் இப்போதும் காதில் கேட்கிறது. ஆனால் அது உன் குரலா, என் குரலா? அந்த ஒரு சொல்லில்தானே சிஸ்டருடைய பிஸ்கட் வேறொன்றாக மாறியது. எத்தனை முறை யோசித்தாலும் உன் வாய் அசைவது தெரியவில்லை. என் வாயும் தெரியவில்லை. தணல் மட்டும் தெரிகிறது.

இதைவிடக் குழப்புவது இன்னொன்று. என் வீட்டுக்காரர் இறந்த வருடம், தீபாவளிக்கு முதல் நாள் நீ இதே பிஸ்கட்டைக் கொண்டுவந்தாய். நான் வாசலிலேயே நிறுத்தி, வாங்கலாமா என்று யோசித்தேன். "என் வீட்டுப் பலகாரம்டி இது. தாராளமா வாங்கிக்கலாம்" என்று ஜாடியை என் கையில் திணித்துவிட்டுப் போனாய். அன்று உன்னுடையது. உன் பிள்ளைகளிடம் என்னுடையது. எந்தத் தடவை நீ பொய் சொன்னாய்? நான் வாங்கிக்கொள்ள வேண்டுமென்று என்னிடம் சொன்னாயா? இல்லை, என்னை உயர்த்த வேண்டுமென்று அவர்களிடம் சொன்னாயா? எதுவானாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. பிறகு அந்தக் கோபமும் எங்கே நிற்பது என்று தெரியாமல் போய்விடுகிறது.

முடிவு கிடைக்காமலே நேற்று சுட்டேன். பிள்ளைகள் கேட்டார்கள், அவ்வளவுதான். இன்று மகன் காரில் அழைத்துப் போனான். வழியில் செகிஞ்சான் ஊர் நெல்வயல் முழுவதும் பச்சை. "ஜாடிய பின் சீட்டுல வைங்கம்மா" என்றான். லோரி ஒன்று முன்னால் திடீரென்று நின்றால் உடைந்துபோகும் பிஸ்கட் அது. மடியிலேயே வைத்திருந்தேன்.

கூடத்தில் உன் படத்துக்குக் கீழே விளக்கு எரிந்தது. உன் கணவரின் அண்ணன் நாற்காலியில் இருந்தார். நான் ஒரு வாரமாகத் தயார்செய்த விளக்கம் எல்லாம் தொண்டையில் இருந்தது.

"யாரு சுட்டது?"

"நான்தான்."

"உங்க வீட்டுலயா?"

"என் வீட்டுல."

"அப்ப சரி" என்று முதல் பிஸ்கட்டை அவரே எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வழக்கு முடிந்தது. அவருக்கு மட்டும்.

உன் மகள் ஒன்றைக் கடித்துவிட்டு, பாதியைக் கையில் வைத்தபடி நின்றாள். "அம்மா செய்யுற மாதிரியே இருக்கு ஆண்ட்டி." உடனே தலையை ஆட்டினாள். "இல்ல, அம்மாதான் உங்கள மாதிரி செய்வாங்க. அந்த நெய் போடுற யோசனை உங்களோடதுதானே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பேரப்பிள்ளைகள்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். ஒரு சொல் போதும், அந்த வீட்டில் அதுவே நிலைத்துவிடும். ஆமாம் என்றால் என்னுடையது, இல்லை என்றால் உன்னுடையது.

"உங்கம்மாவத்தான் கேக்கணும்" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்துவிட்டது. உன் மகள் மீதிப் பாதியை மெதுவாகத் தின்று முடித்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வாதம் செய்து உன்னை ஒருநாளாவது வாயடைக்க வைக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்டிருக்கிறேன். இப்போது நான் எதைச் சொன்னாலும் அதுவே சரியாகிவிடுகிறது. மறுத்துச் சொல்ல ஆள் இல்லை. எனக்கு அது பிடிக்கவேயில்லை.