கோணி மாட்டிய ஹால்

மச்சான்,

ஹாலுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவன் இன்று காலை திரைச்சீலையைக் கழற்றினான். பின்னால் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த நாலு கோணியும் தெரிந்தன. "இன்னா சார், இம்மாம் பெரிய வூட்ல கோணிய மாட்டி வச்சிகினு கீறீங்க?" என்று ஒன்றை எடுத்து உதறினான். தூசியோடு சணல் வாசனையும் ஹால் முழுக்க ஏறியது. அந்த வாசனைக்கு நான் வேறு யாரைத் திட்டுவது? உன்னைத்தான் திட்டினேன். நீ போய்ச் சேர்ந்து மூன்று மாதமாகியும் என்னைத் தொல்லை பண்ணுவதை விடவில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஊரப்பாக்கத்தில் இந்த வீட்டை நான் எதற்குக் கட்டினேன்? தாம்பரத்தில் பழைய கோணி வாங்கி, உதறி, கிழிசல் தைத்து விற்று மேலே வந்தவன் நான். மார்க்கெட்டில் என் பெயரே கோணிக்காரன். வீட்டுக்குள்ளாவது ஒரு சணல் நூல் கண்ணில் படக்கூடாது என்றுதான் மொசைக் தரை, பெரிய கண்ணாடி ஜன்னல், பளபளவென்று ஆயில் பெயின்ட். நடுவே புது ஸ்டீரியோ: ஆம்ப்ளிஃபயர் தனி, கேசட் டெக் தனி, இடுப்பு உயரத்துக்கு ஸ்பீக்கர் இரண்டு. என் பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கணக்கு.

ஸ்டீரியோ வந்த அன்றே நீ ரயில்வே பார்சல் ஆபீஸ் டூட்டி முடித்து நேராக வந்தாய். ஒரு பாட்டுகூட முழுசாகக் கேட்கவில்லை.

"சத்தத்துல சூடே இல்லையேடா."

"சூடு இல்லையா? ஆம்ப்ளிஃபயர் மேல கை வச்சுப் பாரு, தோசை வார்க்கலாம்."

"அந்தச் சூடு இல்லடா கோணிக்காரா. பாடறவன் பக்கத்துல உக்காந்து பாடற மாதிரி இருக்கணும். இது தகரக் கொட்டாயில பாடற மாதிரி கீது."

அதோடு போயிற்று என் நிம்மதி. ஒரு மாதம் ட்ரெபிள் குமிழைத் திருகிக் குறைத்தாய், ஏற்றினாய். ஸ்பீக்கரைச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளினாய்; மறுநாள் அரை முழம் பின்னுக்கு இழுத்தாய். "அண்ணா, நாங்க எங்க உக்காரலாம்னு சொல்லிட்டு நகர்த்துங்க" என்று என் மனைவி காபியோடு நின்றாள். கடைசியில் ஹால் நடுவில் நின்று பலமாக ஒருமுறை கை தட்டினாய். கணீரென்று திரும்பி வந்தது.

"கேட்டியா? குத்தம் மெஷின்ல இல்ல, உன் ஹால்ல. எங்க பாத்தாலும் வழவழன்னு இருந்தா சத்தம் மோதி மோதித் திரும்பத்தான் செய்யும். கனமா, சொரசொரன்னு ஏதாவது மாட்டணும்."

"சொல்லு, நாளைக்கே கார்ப்பெட் வாங்கிடறேன்."

"அது எதுக்கு? அதான் குடோன் நிறைய வச்சிருக்கியே!"

கோணி இந்த வாசப்படி தாண்டக்கூடாது என்று கத்தினேன். நீ கேட்கிற ஆளா? பெண் பார்க்க வருகிற அன்று காலை நான் பூ வாங்கப் போன சமயம் பார்த்து, என் குடோனிலிருந்தே நாலு கோணி கொண்டுவந்து, மடித்து ஆணியடித்து, மேலே திரையை இழுத்துவிட்டாய். நான் உள்ளே வரும்போது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப எப்படி?" என்றாய். பரீட்சை ரிசல்ட் பார்க்கப் போனவன் மாதிரி முகம்.

"அப்படியேதான் இருக்கு. முதல்ல அதக் கழட்டு."

கழற்ற நேரமில்லை. வாசலில் கார் வந்து நின்றுவிட்டது.

பிள்ளையின் அப்பாவுக்குக் குன்றத்தூரில் அரிசி மண்டி. உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டவர், "பக்கத்துல உக்காந்து பாடற மாதிரியே இருக்கே, எப்படி?" என்றார். நான் ஆம்ப்ளிஃபயரைப் பற்றி வாயெடுப்பதற்குள் நீ எழுந்துபோய்த் திரையை விலக்கினாய். "எல்லாம் நம்ம கோணிக்காரன் சரக்குதான் சார்!"

எனக்கு உயிரே போய்விட்டது. என் பெண்ணின் கல்யாணமும் அந்தத் திரையோடு விலகிவிட்டது என்றே நினைத்தேன். அவர் எழுந்து, ஒரு கோணியின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நெசவு நெருக்கமா இருக்கே! எனக்கு வர்ற கோணில பாதியில அரிசி ஒழுகுது. இது எங்க பிடிக்கிறீங்க?"

அப்புறம் ஒரு மணி நேரம் கோணிப் பேச்சுதான். பெண் காபி கொண்டுவந்து நின்றதையே அவர் சம்சாரம் சொல்லித்தான் கவனித்தார். மூலையில் நீ முனகிக்கொண்டிருந்தாய்: "ஒருத்தனும் பாட்டக் கேக்கலியே!"

கல்யாணம் நடந்தது. ஆனாலும் என் கோபம் ஆறவில்லை. வரும்போதெல்லாம், "மாறிச்சா இல்லியா? உண்மையச் சொல்லு" என்று பத்து வருஷம் கேட்டாய். "எனக்கு ஒண்ணும் தெரியல" என்று பத்து வருஷமும் சொன்னேன். கோணியை மட்டும் கழற்றவில்லை. ஏன் என்று நீயும் கேட்கவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் மறுபடியும் ஆரம்பித்தாய். நர்ஸ் வந்துவிட்டாள், பேச்சு மாறிப்போயிற்று.

இன்று கோணி இல்லாத சுவரைப் பார்த்துக்கொண்டு பாட்டுப் போட்டேன். அசல் தகரம். கையைத் தட்டினேன், கணீர். பெயின்ட் அடிக்கிறவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"பெயின்ட் காஞ்சதும் எல்லாத்தையும் அதே ஆணியில மாட்டிடுப்பா."

"கோணியவா சார்?"

"நான் கோணிக்காரன்பா. என் வூட்ல வேற என்ன மாட்டுவாங்க?"

மாறிச்சு மச்சான். அன்னிக்குப் பூக்கூடையோட வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே தெரிஞ்சுபோச்சு.