இரண்டு சக்கரம், ஒரு வேலை

செப்டம்பர் 8, திங்கள்

காலையிலிருந்து மழை. டத்தோ கிராமாட் சாலை முழுக்க ஜாம். நான் எங்கும் போகவில்லை, ஜன்னலில் பார்த்ததுதான்.

ரோபோ இன்றும் நிற்கவில்லை. இரண்டு சக்கரம், மேலே பலகை, பேட்டரி, சாய்வு பார்க்கிற சென்சார். கையை எடுத்தால் இரண்டு நொடி நடுக்கம், பிறகு குப்புற. முப்பத்தோரு முறை வரை எண்ணினேன்.

ஃபேக்டரியில் எங்கள் லைனை மூடி நாலு மாதம். பதினாறு வருடம் அடுத்த மேசையில் இருந்த யூசுஃபுக்கும் (யூ.) அதே நாளில்தான் வேலை போனது. இப்போது இருவரும் ஒரே வேலைக்கு மனுப் போட்டிருக்கிறோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் மாக் மண்டினில் சின்ன கம்பெனி, கிடங்குக்கு ரோபோ செய்கிறவர்கள். இடம் ஒன்று. சர்ட்டிபிகேட் இல்லாதவர்கள் வீட்டில் தாமே செய்ததைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். தானாக நிற்கிற ரோபோ செய்யலாம் என்றது யூ.தான். அவனுடையது போன வாரமே நின்றுவிட்டது.

வாங்க வேண்டியது: சின்ன ஸ்க்ரூ, பஞ்சு டேப், மனைவி மலருக்கு முதுகுவலித் தைலம்.

செப்டம்பர் 10, புதன்

வெயில். யூ. பாயான் பாரு வீட்டிலிருந்து வந்தான். நான் கூப்பிடவில்லை, மலர் கூப்பிட்டிருக்கிறாள். கோபம் வந்தது. காட்டவில்லை.

புரோகிராமைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினான். "சென்சார்ல ரெண்டு கணக்கு வருதுலா. ஒண்ணு நடுக்கத்துல பொய் சொல்லும். இன்னொண்ணு நேரம் போகப் போகப் பொய் சொல்லும். ரெண்டையும் கலந்து எடு."

சொல்லிவிட்டு அவனே உட்கார்ந்து இருபது வரி எழுதினான். எதையும் பார்க்காமல். ஊற்றிய தேநீர் ஆறிப்போனது.

நின்றது. விரலால் தள்ளினேன், பின்னால் போய் நிமிர்ந்தது. மலர் அடுப்படியிலிருந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு எதற்கு உதவுகிறாய் என்று கேட்டேன். "நம்ம ரெண்டு பேருல யாருக்குக் கிடைச்சாலும் சரிலா" என்றான்.

நான் அப்படி நினைக்கவில்லை. இங்கே மட்டும் எழுதுகிறேன்.

செப்டம்பர் 17, புதன்

நேர்காணல். யூ.வின் காரில் பாலம் தாண்டிப் போனோம். பின் சீட்டில் இரண்டு ரோபோவும் துண்டில் சுற்றி. கடல் தெரியாத அளவுக்கு மூட்டம்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். சீன அம்மா ஒருவர், எஞ்சினியர். மேசை மேல் வைத்தேன், நின்றது. அவர் புரோகிராமைத் திறந்து பார்த்தார். அந்த இருபது வரியில் விரலை வைத்து, இதை எழுதியது யார் என்று மலாயில் கேட்டார்.

"சாயா" என்றேன். நான் என்று. ஒரு சொல்.

அடுத்து யூ. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டான். காரில் ஏறிய பிறகுதான் பேசினான். அவனுடையதிலும் அதே வரிகள் இருப்பதைப் பார்த்துவிட்டார்களாம். "எங்கேர்ந்து எடுத்தேன்னு கேட்டாங்க. நான்தான் எழுதுனேன்னேன். நம்பல."

என்னிடம் என்ன கேட்டார்கள் என்றான். மோட்டார் பற்றி என்றேன்.

பாலத்தில் நாற்பது நிமிடம் ஜாம். இருவரும் ரேடியோவைக்கூடப் போடவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

போன் வந்தது. வேலை எனக்கு. திங்கள் எட்டு மணிக்கு வர வேண்டும்.

மலர் அழுதுவிட்டாள். முதலில் யூசுஃப் அண்ணனுக்குச் சொல்லுங்கள் என்றாள். தொழுகைக்குப் போயிருப்பான் என்றேன். அப்போது காலை மணி பத்து. வெள்ளித் தொழுகை மதியம்தான்.

செப்டம்பர் 20, சனி

மலரே அவனுக்குச் சொல்லிவிட்டாள். வாழ்த்துச் சொன்னானாம்.

ரோபோவைப் பெட்டிக்குள் போட்டேன். சுவிட்சை அணைக்க மறந்துவிட்டது. உள்ளேயே முன்னும் பின்னும் முட்டிக்கொண்டிருந்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

பாயான் பாரு போனேன். யூ. கீழே காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த இருபது வரியை நான் எழுதியதாகச் சொன்னதை நின்றபடியே சொல்லி முடித்தேன்.

துணியைப் பிழிந்தான். "தெரியும்லா. அந்தம்மா உன் பேரச் சொல்லித்தான என்னைக் கேட்டாங்க."

அப்போதே ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன்.

"பாலத்துல அவ்ளோ நேரம் நின்னோம். நீயே சொல்லுவேன்னு பாத்துட்டு இருந்தேன்."

நாளை கம்பெனியில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அது உன் இஷ்டம் என்றான். குரலில் கோபமே இல்லை. மாடியிலிருந்து மகள் கூப்பிட்டாள், போய்விட்டான். மேலே வா என்று சொல்லவில்லை. பதினாறு வருடத்தில் முதல் தடவை.

செப்டம்பர் 22, திங்கள்

மழை இல்லை. ஏழு நாற்பதுக்கே மாக் மண்டின் போய்விட்டேன். சொல்ல வேண்டியதை மலாயில் மூன்று முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே வந்தார். பாதுகாப்புச் சப்பாத்து கொடுக்க வேண்டும், கால் அளவு என்ன என்று கேட்டார்.

ஒன்பது என்றேன்.