நரைத்த தாடி மாப்பிள்ளை

இயேசு மரி சூசை துணை

ஒனிஹங்கா, ஒக்லாந்து, நியூசிலாந்து
ஒக்ரோபர் 1986

அன்புள்ள மகள் வசந்தமலருக்கு,

மாதாவின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், நீயும் அங்கே ஒல்லாந்துக் குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். சுகம் என்று எழுதுகிறேனே தவிர, போன கிழமை முழுக்க இந்த வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லை, அதற்குக் காரணம் நீதான். பேப்பரில் வந்த படத்தை வெட்டி அனுப்பிவிட்டு, விபரம் பிறகு என்று ஒரே வரி எழுதினால் பெற்றவள் என்ன நினைப்பாள்? மேசையில் பெரிய புத்தகம், நீ பேனையோடு குனிந்திருக்கிறாய், பக்கத்தில் நரைத்த தாடிக்காரர் ஒருவர், முன்னால் பூங்கொத்து, பின்னால் கோட்டுப் போட்ட இரண்டு பேர் சாட்சிகள் மாதிரி. என் கலியாண ஆல்பத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், கோயிலில் நாங்கள் கையெழுத்து வைத்த அதே படம், தாடி ஒன்றுதான் கூட. அப்பா பின்வளவுக்குப் போய் வெட்டின புல்லையே திரும்ப வெட்டினார், பிறகு உள்ளே வந்து, தாடியை எடுத்தால் பத்து வயது குறையும் என்றார். எனக்குத் தாடியில் வருத்தமில்லை, என்னை ஒரு சொல் கேட்கவில்லையே என்றுதான் அழுதேன். மேற்கே மாசி ஊரிலிருந்து வந்த சறோஜா படத்தைப் பார்த்தாள், ஞாயிறு பூசை முடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. வயசென்ன வயசு, முகத்தில குணம் தெரியுது என்று சொல்லிக் குலசிங்கம் மாஸ்ரர் கலியாணப் பரிசென்று ஒரு ரைஸ் குக்கரும் தந்துவிட்டுப் போனார்.

கடைசியில் அப்பா, பேக்கரி வைத்திருக்கிற ஒல்லாந்துக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து படத்தின் கீழே இருந்ததை வாசிக்கச் சொன்னார். அவர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மேசையெல்லாம் ஊற்றுண்டது. தாடிக்காரர் கவிஞராம், நீ அவருடைய கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாயாம், எழுதினவருக்கும் மொழிபெயர்த்தவருக்கும் சேர்த்துக் கொடுக்கிற பெரிய பரிசாம், பரிசு வாங்கினவர்கள் கையெழுத்து வைக்கிற புத்தகமாம் அது. எழும்பி நின்று அப்பாவுக்குக் கை கொடுத்தார். சறோஜாவிடம் சொன்னேன், அட, பரிசு மட்டும்தானோ என்று முகம் வாடிவிட்டாள். மாஸ்ரர் குக்கரைத் திருப்பி வாங்க மாட்டேன் என்கிறார், எப்பவோ நடக்கத்தானே வேணுமாம்.

அது கிடக்கட்டும் பிள்ளை, இந்த வேலையை எங்கே பழகினாய் என்று பேப்பர்காரர் கேட்டதற்கு நீ சொன்ன பதிலையும் பேக்கரிக்காரர் வாசித்தார். சின்ன வயதில் ஒக்லாந்தில், அம்மாவுக்கும் வாடகை வீட்டுச் சொந்தக்காரருக்கும் நடுவில் நின்று பழகினேன், அம்மா தமிழில் ஏசுவா, நான் அதை நன்றியாக மாற்றிச் சொல்லுவேன் என்றாயாம். அடி கள்ளி! கூரை ஒழுகுது, நீயும் ஒரு மனுசனோ என்று நான் கேட்ட நாளெல்லாம் அந்த மனுசன் சிரித்த முகத்தோடு கூரையும் திருத்தி, தன் வளவு எலுமிச்சம்பழமும் தந்துவிட்டுப் போன காரணம் இப்போதுதான் விளங்குகிறது. முதலில் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. எனக்குப் பெருமையாக இருக்கிறது மகளே, இதை மாற்றாமல் அப்படியே எடுத்துக்கொள்.

தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். தலைக்கு எண்ணெய் வை. மார்கழியில் நத்தாருக்குக் கட்டாயம் வா, கூரை திரும்பவும் ஒழுகுகிறது. போன மாதம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நானே வீட்டுக்காரருக்குச் சொன்னேன், அன்றோடு எலுமிச்சம்பழம் நின்றுவிட்டது.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
மாகிரட் எட்வேட்