இருமலையும் சேர்த்து வாசித்தார்கள்

மச்சான்,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒற்றைச் செருப்பு ஒன்று வைத்திருக்கிறேன். இடதுகால் செருப்பு. இன்று பெருக்கும்போது என் பெண்சாதி அதைத் துடைப்பத்தால் தள்ளி, "இன்னாய்யா இது, எந்தக் கோயிலுக்கு நேர்ந்து வெச்சிருக்க?" என்றாள். எடுத்து மறுபடி அங்கேயே வைத்தேன். உன் நினைப்பு வந்துவிட்டது. நாலு எழுத்துக்கு மேல் தெரியாதவன் கடிதம் எழுதுகிறேன். சிரித்துக்கொள்.

நம் ஏரிக்கரை மீனவ ஊர்களில் யார் செத்தாலும் பேண்டு செட்டோடு நீ வருவாய். பூ வண்டி தெருமுனை திரும்பும்போது கிளாரினெட்டில் அந்த ஒரு மெட்டை எடுப்பாய். அழுகிறவன் காலும் தானாக ஆடும். யார் போட்ட மெட்டு என்றால், "எங்க நைனா வாசிச்சாரு. அவருக்கு யாரோ பட்டாளத்து பேண்டுக்காரர் சொல்லிக் குடுத்தாராம்" என்பாய். அதற்கு மேல் உனக்கும் தெரியாது.

சென்னையிலிருந்து பாட்டு ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வந்தார். கேட்டுவிட்டு, இது அயர்லாந்து நாட்டு ஆட்ட மெட்டு என்றார். வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு கப்பலில் வந்திருக்கலாமாம். அந்த ஊர்க்காரர்கள் வாசித்த பதிவுகளைப் போனில் போட்டுக் காட்டினார். பிடில், குழல், பழைய இசைத்தட்டு ஒன்று. அதில் மழை பெய்கிற மாதிரி இரைச்சல். ஒன்றுபோல் ஒன்று இல்லை.

"இதுல எது சார் சரி?" என்று கேட்டாய்.

"எல்லாமே சரிதான். அவங்கவங்க காதுல விழுந்தபடி வாசிக்கிறாங்க" என்றார்.

"அங்கயும் மீன் புடிக்கிறாங்களா?"

"புடிக்கிறாங்க."

"அப்ப நம்ம ஆளுங்கதான்" என்றாய்.

பிறகு உன் நுரையீரல் கெட்டது. கருவாடுகூட உன்னைவிட எடை இருக்கும் என்று கிண்டல் செய்துகொண்டே இருந்தேன். ஒருநாள் நீ சிரிக்கவில்லை.

"ஊருக்கே நான் வாசிச்சேன். நான் போறப்ப எவன் வாசிப்பான் மச்சான்? நம்ம செட்டுல எல்லாருக்கும் சினிமா பாட்டுதான் வரும்."

"நீயே வாசிச்சு வெச்சிட்டுப் போ. வண்டியில ஸ்பீக்கர் கட்டிடறேன்" என்றேன். விளையாட்டுக்குத்தான். நீ கிளாரினெட்டைக் கொண்டுவரச் சொன்னாய்.

போனில் பதிந்தேன். பாதியில் இருமல் வந்து நின்றாய். "மெதுவா மூச்சு வாங்கு, கப்பல் ஒண்ணும் கவுந்துடல" என்றேன். உன் உதட்டில் ரத்தம் இருந்தது. துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து முடித்தாய். அடுத்த அமாவாசைக்குள் போய்விட்டாய்.

உன்னை எடுத்த அன்று காலை செட்டு ஆட்களுக்கு அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டேன். எழுதிவைத்து வாசிக்கிற பழக்கம் அவர்களுக்கு ஏது? கேட்டதை அப்படியே பிடித்தார்கள். அப்படியே என்றால் அப்படியே. உன் வண்டி தெருமுனை திரும்பியது. மெட்டு எழுந்தது. ஊரே ஆடியது. பாதியில் சட்டென்று நின்றது. நீ இருமிய இடம். இருமிய நேரம் முழுக்க டிரம்மும் அடிக்கவில்லை. தூக்கிய காலைத் தூக்கியபடி நின்றோம். உன் வீட்டு வாசலில் பெண்கள் அழுவது அப்போதுதான் கேட்டது. பிறகு, விட்ட இடத்திலிருந்து எடுத்தார்கள்.

இப்போது எல்லாச் சாவிலும் அப்படித்தான். எளாவூர் பக்கம் வேறு செட்டு ஒன்றும் அதே இடத்தில் நிறுத்துகிறது. இது இருமல்தான், மெட்டு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எல்லாமே சரி என்று அந்த ஆராய்ச்சிக்காரர் சொன்னாரே.

அன்று நடந்த இன்னொன்று உனக்குத் தெரிந்திருக்காது. மெட்டு நின்ற வேகத்தில் என் வலதுகால் செருப்பு கழன்று உன் வண்டிக்குள் விழுந்தது. எல்லோரும் பார்த்தார்கள். உன் அண்ணன் அதன் மேல் ஒரு மாலையை இழுத்து மூடினார். வண்டி நகர்ந்தது.