பாப்பாவின் குழல்

அம்மாவுக்கு எழிலன் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

திருவொற்றியூரில் ஒரு கருவியைச் சோதிக்கிறோம். பிளாஸ்டிக் குழல்தான். ஊதினால் அதன் ஒலி நெஞ்சை அதிரவைத்து நுரையீரல் சளியை மேலே கொண்டுவரும். சாத்தாங்காட்டில் இரும்பு தூக்கும் அப்பாவு, சோதனையில் தான் ஊதிய குழலை மகளுக்கென்று கேட்டார். எரிக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டேன். நேற்று அவர் சளியில் காசநோய்க் கிருமி தெரிந்தது. அவர் வீட்டுக்கு ஓடினேன்.

“இன்னா சார், பாப்பா சோக்கா ஊதுது பாத்தியா?” என்றார்.

மூன்று வயது. பிடுங்கினேன்; அழுதாள்.

நடந்ததைச் சொன்னதும் மேலதிகாரி சிரித்தார். “நல்லதாப் போச்சுப்பா. குழந்தைங்க சேம்பிளே நம்மகிட்ட இல்ல.”

என் பழைய போர்வையை அனுப்புங்கள். இங்கே பேச்சுத்துணை இல்லை, அவ்வளவுதான். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

இன்று புதுக் குழலோடும் சளி பிடிக்கும் டப்பாவோடும் பாப்பாவிடம் போனேன். என்னைப் பார்த்ததும் கைதட்டினாள்.