சாவடிப் பலகையில் அழிக்காமல் விட்ட வரி

தை 9, செவ்வாய்

காலையில் கடும் பனி. தொண்டைக் கட்டு. மிளகுக் கஷாயம் இரண்டு வேளை.

சாயங்காலம் ஊர்ச் சாவடியில் பெண்கள் வகுப்பு. மண்ணெண்ணெய் கிடைக்காத காலம், இருட்டுவதற்குள் முடித்தாக வேண்டும். வந்தவர்கள் பன்னிரண்டு பேர். அறுப்பு வேலை இருந்தும்.

பாலபாடப் புத்தகத்தை மூடி வைத்து மூன்று வாரம் ஆகிறது. ‘அணில் ஓடு, ஆடு மேய்’ எல்லாம் குழந்தைகளுக்கு. இவர்கள் அன்றன்று நடந்ததை ஒரு வரி சொல்வார்கள், நான் கரும்பலகையில் எழுதுவேன், பார்த்து எழுதுவார்கள். என் சொந்த யோசனை. கொஞ்சம் பெருமைகூட.

இன்று சின்னப்பொண்ணு வாயைத் திறக்கவில்லை. தானே சிலேட்டில் எழுதி நீட்டினாள். இருபத்திரண்டு வயதிருக்கும். வகுப்பிலேயே நல்ல கையெழுத்து.

‘விறகுக் கட்டையால் அடி. கை தூக்க முடியவில்லை.’

முதலில் பிழை இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சந்தோஷத்தில் அப்படியே பலகையில் எழுதிவிட்டேன். அர்த்தம் அதற்குப் பிறகுதான் உறைத்தது. அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எல்லாரும் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். அழகிதான் முதலில் பேசினாள். வகுப்பில் மூத்தவள், வாய்க்காரி.

“இதெல்லாம் ஒரு சேதியா வாத்தியாரம்மா? நேத்து பனி பேஞ்சுச்சுன்னு எழுதுற மாதிரில்ல இருக்கு!”

“எங்க வீட்ல மாடு ஓட்டுற தார்க்குச்சி.”

“எனக்குக் கைதான். கட்டை தேடுற அளவுக்குப் பொறுமை கெடையாது அவுகளுக்கு.”

ஒரே சிரிப்பு. அடித்ததைச் சொல்லும்போதும் ‘அவுக’தான். சின்னப்பொண்ணு சிரிக்கவில்லை. நானும் இல்லை. அவர்கள் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தபோது, அடுத்தது என் முறை போலத் தோன்றியது. சாக்கட்டியைத் தேடுகிறவள்போல் குனிந்துகொண்டேன்.

பொழுது இறங்கியதும் அவசரமாகக் கலைந்தோம்.

தை 10, புதன்

தொண்டை இன்னும் சரியில்லை. பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பரீட்சை.

நேற்று பலகையை அழிக்காமல் வந்துவிட்டேன்.

காலையில் கணக்கப்பிள்ளை சாவடியில் ஆண்களுக்குப் பத்திரிகையை உரக்கப் படிப்பது வழக்கம். யுத்தச் செய்தி. இன்று அதற்கு முன்னால் பலகையை உரக்கப் படித்திருக்கிறார்.

அழகி வந்து சொன்னாள். கன்னம் வீங்கியிருந்தது.

“பேரு இருந்திருந்தா ஒருத்தியோட போயிருக்கும் வாத்தியாரம்மா. பேரு இல்லையா, ஒவ்வொருத்தனும் தம் பொண்டாட்டிதான் எழுதிப்புட்டான்னு வீட்டுக்குப் போயிட்டான்.”

“உனக்குமா?”

“எங்காளு இன்னைக்கு வரைக்கும் வெறகுக் கட்டையத் தொட்டதில்ல. ‘நான் எப்படி கட்டையால அடிச்சேன், சொல்லு’ன்னு கேட்டுக் கேட்டு அடிச்சாக.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கன்னம் வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திவிட்டாள்.

நாலு வீட்டில் அடி. எழுதியவள் இன்னும் பிடிபடவில்லை. கருப்பையா, சின்னப்பொண்ணின் புருஷன், அறந்தாங்கிச் சந்தைக்குப் போயிருக்கிறான். நாளை வருவான். கட்டை எடுத்தவன் அவன். அவனுக்குச் சந்தேகமே இருக்காது.

தை 11, வியாழன்

வகுப்பு. ஒருவரும் வரவில்லை. சாணி மெழுகிய தரையில் தனியாக ஒரு மணி நேரம்.

கணக்கப்பிள்ளை அந்தப் பக்கமாக வந்தார். “கையெழுத்துப் போடச் சொல்லிக் குடுங்கம்மா, போதும். வீட்டு விஷயம் நமக்கெதுக்கு?” மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு வழக்கமான கேள்வி. “மலாயாவிலேருந்து ஐயா கடுதாசி ஏதும் வந்துச்சுங்களா?”

“இல்லை.”

என் கணவர் மலாயாவில் இருப்பதாகவும் யுத்தத்தால் தபால் நின்றுவிட்டதாகவும் ஊர் நம்புகிறது. நான் சொன்னதில்லை. மறுத்ததும் இல்லை. அவர் கும்பகோணத்தில்தான் இருக்கிறார். நான் அந்த வீட்டை விட்டு வந்து பதினாறு வருஷம். காரணத்தை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. பி.ஏ. படித்தவள் நான்.

கருப்பையா வந்துவிட்டானாம்.

ராத்திரிச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

தை 12, வெள்ளி

பள்ளி விட்டதும் நேரே சின்னப்பொண்ணு வீட்டுக்கு. வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்து, ஒன்றும் தீர்மானமாகவில்லை.

கருப்பையா எழுந்து நின்றான். பாய் விரித்தான். மோர் கொண்டுவரச் சொன்னான். சின்னப்பொண்ணு இடது கையால் கொண்டு வைத்தாள். வலது கை முந்தானைக்குள்.

“நீங்க படிச்சவுக. பொய் சொல்லமாட்டீங்க. அத எழுதுனது இவதானுங்களா?”

“அவளுக்கு இன்னும் எழுத வராது.”

இவ்வளவு சரளமாக வரும் என்று நானே நினைக்கவில்லை.

அவன் மாடத்திலிருந்து சிலேட்டை எடுத்து அவள் முன்னால் போட்டான். “எங்க, ஒம் பேர எழுது பாப்பம்.”

உட்கார்ந்தாள். வலது கையை மெதுவாக வெளியே எடுத்தாள். எழுதினாள். ‘சி’யின் சுழி கீழே தொங்கியது. கொம்பு பின்னால் போயிற்று. புள்ளி ஒன்றுகூட இல்லை. கடைசி எழுத்து எந்தப் பாஷையிலும் கிடையாது. அத்தனையும் தப்பாக எழுத வேண்டுமானால் அத்தனையும் தெரிந்திருக்க வேண்டும்.

கருப்பையா அதை என்னிடம் காட்டினான். “சரியாங்க இது?”

“தப்பு. கொஞ்சம் மக்கு.”

அவன் சிரித்தான். ஆறுதல் பட்ட சிரிப்பு. “மூணு மாசத்துல இதானாடி கத்துக்கிட்ட? சரி சரி, வந்துட்டுப் போகட்டும். பத்திரத்துல கைநாட்டு வைக்காம இருந்தாப் போதும்.”

அவள் முன்னாலேயே மக்கு என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மோர் முழுவதையும் குடித்துவிட்டு வந்தேன்.

தை 13, 14

காய்ச்சல். ஒன்றும் எழுதவில்லை.

தை 15, திங்கள்

காய்ச்சல் இல்லை. வெயில் சுள்ளென்று.

ஏழு பேர் வந்தார்கள். பலகையில் ஒன்றும் எழுதவில்லை. “தப்பு என்னுடையது” என்றேன். அழகி, “நாங்களுந்தான சிரிச்சோம்” என்றாள். இடுப்பிலிருந்து ஒரு ஈரத்துணியை எடுத்து நடுவில் போட்டாள். அவரவர் சிலேட்டில் எழுதுவது, எழுந்திருக்கும் முன் துடைப்பது. அவர்களே பேசி வைத்த ஏற்பாடு. என்னைக் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டாம்.

சின்னப்பொண்ணு கடைசியாக வந்தாள். தூணோரம் உட்கார்ந்து வெகு நேரம் எழுதினாள். மற்றவர்கள் போனபின் சிலேட்டை என் மடியில் வைத்தாள். நாலு வரி. எழுத்தெல்லாம் நேராக. படித்தேன். அடியில் இடம் விட்டிருந்தாள். குச்சியையும் என்னிடம் கொடுத்துவிட்டு நின்றாள்.

ஒரு வரி எழுதினேன், அம்மாவிடம்கூடச் சொல்லாததை. பதினாறு வருஷத்தில் முதல் தடவை.

எழுத்துக் கூட்டி, உதடு மட்டும் அசையப் படித்தாள். துணியை எடுத்து அழித்தாள். என்னுடையதை முதலில்.